உடம்பிலேயே கரையும் ஸ்க்ரூவில் எதைக் கலக்கலாம்?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். எம்.டெக் புராஜெக்டுக்காக, எலும்பைப் பிடித்துவைத்து அப்புறம் உடம்பிலேயே கரைந்துபோகும் ஒரு ஸ்க்ரூவை பிஎல்எல்ஏ, அதாவது பாலி எல்-லாக்டிக் அமிலத்தில் செய்கிறீர்கள். முறுக்கினால் படக்கென்று உடைகிறது. கரைய வருடக்கணக்கில் ஆகும் என்கிறார்கள். கரையும்போது அமிலம் வருகிறது. எலும்பின் கனிமமான ஹைட்ராக்ஸிஅபடைட், பிஇஜி என்ற பாலிஎத்திலீன் கிளைகால், மெக்னீசியம் துகள், கிராஃபீன் என்ற கார்பன் தாள் என்று கட்டுரைக்குக் கட்டுரை ஒவ்வொன்றைச் சொல்கிறார்கள்; எதை, எத்தனை சதவீதம் சேர்ப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்று குறைக்கும் சேர்த்து ஒரே மருந்து உண்டா என்பதுதான் உண்மையில் உங்கள் கேள்வி. இல்லை. ஒரு குறையைச் சரிசெய்யும் சேர்மானம் பெரும்பாலும் இன்னொரு குறையைக் கூட்டும். ஏன் என்று புரிந்துகொண்டால் எதைத் தொடுவது, எதை விடுவது என்று நீங்களே முடிவு செய்யலாம்.

நான் பாலிமர் பதப்படுத்தல் ஆள். இருபது வருடமாக எக்ஸ்ட்ரூடர், அதாவது பாலிமரை உருக்கித் தள்ளும் மெஷின் பக்கத்தில் நிற்கிறேன். அதில் பாதிக்கு மேல் கரையும் பாலிமர்களோடுதான். மருத்துவர் அல்ல. ஆகவே மெஷினிலும் லேபிலும் நடப்பதைக் கையால் பார்த்துச் சொல்கிறேன். உடம்புக்குள் நடப்பதைப் பிரசுரமான மருத்துவப் பதிவுகளை வைத்துச் சொல்கிறேன்.

பிவிசி குழாயில் சுண்ணாம்புத் தூள் கலந்தால் அது குழாய் இருக்கும்வரை குழாய்க்குள்ளேயே இருக்கும். கரையும் இம்ப்ளாண்ட் அப்படியல்ல. பாலிமர் போய்விடும், உள்ளே வைத்தது வெளியே வந்துவிடும். அதனால் ஒவ்வொரு சேர்மானத்தையும் மூன்று கேள்வி கேட்க வேண்டும்: இருக்கும்வரை என்ன செய்கிறது, எப்போது வெளியே வருகிறது, வந்தபின் எங்கே போகிறது. பெரும்பாலான ஆய்வுக் கட்டுரைகள் முதல் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு இழுவலிமை வரைபடத்தோடு முடிந்துவிடுகின்றன. நோயாளிக்கு முக்கியம் மற்ற இரண்டும்தான்.

இதற்கு நல்ல உதாரணம் பின்லாந்தின் ஹெல்சின்கியில் இருக்கிறது. 1980களின் நடுவில் அங்கே பென்ட்டி ரொக்கனென் குழுவினர் கணுக்கால் முறிவுகளுக்குக் கரையும் ஆணிகளைப் போடத் தொடங்கினார்கள். இன்னொரு அறுவை செய்து உலோகத்தைக் கழற்ற வேண்டியதில்லை என்பது பெரிய விஷயம். ஆனால் பாலிகிளைகோலைடு என்ற வேகமாகக் கரையும் பாலிமரில் செய்த ஆணி வைத்தவர்களில் சிலருக்குச் சுமார் மூன்று மாதம் கழித்து அந்த இடம் வீங்கி, தோல் திறந்து நீர் வடிந்தது. கிருமி எதுவும் அதில் இல்லை. பாலிமர் வேகமாகச் சிதைந்தபோது அந்தக் கழிவை அகற்ற அங்கிருந்த திசுவால் முடியவில்லை. ஓலே பெஸ்ட்மன் அந்த நோயாளிகளை வருடக்கணக்கில் தொடர்ந்து கவனித்து எழுதியவர். ஆபத்தைக் கூட்டும் காரணங்களில் இரத்த ஓட்டம் குறைந்த எலும்பு, பரப்பளவு அதிகமான வடிவம் ஆகியவற்றோடு பாலிமரில் சேர்த்த குயினோன் வகைச் சாயத்தையும் அவர் குறிப்பிட்டார். அறுவையின்போது ஆணி கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகச் சேர்த்த நிறம் அது. கரையும் தையல் நூல்களில் ஊதாச் சாயம் பல காலமாகப் பிரச்சினையின்றிப் பயன்படுகிறது என்பதும் உண்மை. ஆகவே சாயமே கெட்டது என்று சொல்லவரவில்லை. நூலில் இருக்கும் பொருளின் அளவு வேறு, எலும்புக்குள் அடிக்கும் ஆணியில் இருக்கும் அளவு வேறு.

சரி, உங்கள் ஸ்க்ரூவுக்கு வருவோம். எதையும் சேர்க்கும் முன் ஏற்கெனவே உள்ளே இருப்பதைப் பாருங்கள். தண்ணீரும், பாலிமராக மாறாமல் மிஞ்சிய மூலப்பொருளான லாக்டைடும் நீங்கள் கேட்காமலே சேர்ந்துவிட்ட சேர்மானங்கள். பிஎல்எல்ஏ 170 முதல் 180 டிகிரி செல்சியஸில் உருகும். மோல்டிங்குக்கு 200 அருகே கொண்டுபோவீர்கள். அந்தச் சூட்டில் கொஞ்சம் ஈரம் இருந்தாலும் எஸ்டர் பிணைப்புகள் அறுந்து மூலக்கூறு எடை சரியும். மிச்சமிருக்கும் லாக்டைடு இன்னும் மோசம்: பாலிமரை இளக்கும், உடம்புக்குள் போனதும் அமிலமாக மாறிச் சிதைவை முன்கூட்டியே தொடங்கிவைக்கும். மருத்துவத் தரப் பாலிமரில் அதை ஒரு சதவீதத்துக்கும் மிகக் கீழே வைப்பது அதனால்தான்.

இதை நான் கற்ற விதம் மறக்காது. நானோ ஹைட்ராக்ஸிஅபடைட் கலந்து முதன்முதலில் ஓட்டியபோது பாலிமர் குருணையை இரவு முழுக்க வேக்குவம் அடுப்பில் உலர்த்தினோம். பொடியை டப்பாவிலிருந்து அப்படியே கொட்டினோம். அந்த நுண்பொடி காற்றிலிருந்தே ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை. டையிலிருந்து நூல் போல இழுபட வேண்டியது தேன் மாதிரி ஒழுகியது, நிறமும் பழுப்பேறியிருந்தது. மூலக்கூறு எடையைக் காட்டிக்கொடுக்கும் விஸ்காசிட்டியை, அதாவது பாகுத்தன்மையைப் பார்த்தால் ஆரம்ப மதிப்பில் பாதிகூட இல்லை. அந்த பேட்ச்சில் செய்த ஸ்க்ரூ உடைந்ததற்குப் பொடியையே குற்றம் சொல்லி ஒரு மாதம் போனது. உண்மையில் உடைத்தது ஈரம். உங்கள் ஸ்க்ரூ படக்கென்று உடைவதில் எத்தனை பங்கு பாலிமரின் இயல்பு, எத்தனை பங்கு மெஷினில் இழந்த மூலக்கூறு எடை என்று தெரியாமல் சேர்மானத்துக்குப் போகாதீர்கள்.

இயல்பான உடைதன்மைக்கு எல்லோரும் முதலில் நினைப்பது பிளாஸ்டிசைசர், அதாவது பாலிமரை இளக்கும் பொருள். பிஇஜி, சிட்ரேட் எஸ்டர்கள் எல்லாம் பிஎல்எல்ஏவை நன்றாகவே இளக்கும். சில சதவீதம் மட்டுமே நீண்டு உடைந்த பாலிமர் பல மடங்கு நீளும். வரைபடம் அழகாக வரும். ஆனால் கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலையை, அதாவது விறைப்பான பாலிமர் இளகத் தொடங்கும் சூட்டைப் பாருங்கள். பிஎல்எல்ஏவுக்கு அது 60 முதல் 65 டிகிரி. பிளாஸ்டிசைசர் அதை 45க்கு இறக்கியது என்று வைத்துக்கொள்வோம். லேபில் அறை வெப்பநிலையில் எல்லாம் சரி. உடம்புக்குள் போனால் 37 டிகிரி, அதோடு பாலிமர் உறிஞ்சும் தண்ணீரும் ஒரு பிளாஸ்டிசைசர்தான். அது இன்னும் சுமார் 10 டிகிரி இறக்கும். இப்போது உங்கள் ஸ்க்ரூ தன் நிலைமாற்றப் புள்ளிக்கு மேலே நிற்கிறது. மெல்ல மெல்ல இளகி நீளும், பிடிப்பு தளரும். எலும்பை இறுக்கிப் பிடிப்பதுதான் அதன் ஒரே வேலை. சில வாரங்களில் பிஇஜி கசிந்து வெளியேறிவிட்டால் மறுபடி உடையக்கூடியதாகிவிடும், கூடவே நுண்துளைகளும் மிஞ்சும். ஆகவே பாரம் தாங்கும் ஸ்க்ரூவில் பிளாஸ்டிசைசர் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

மென்மையான சவ்வுக்கு அதே குணம் வரமாகிறது. பல் ஈறு அறுவைக்கான ஒரு பின்லாந்துச் சவ்வை வைக்கும் முன் என்எம்பி என்ற கரைப்பானில் நனைப்பார்கள். அது இளகி ஈறின் வளைவுக்கு ஏற்பப் படியும். வாயில் வைத்தபின் கரைப்பான் வெளியேற, சவ்வு தானாக விறைக்கும். கசிவதையே வேலையாக்கிய யோசனை. எனக்கு மிகவும் பிடித்த வடிவமைப்புகளில் அது ஒன்று.

ஸ்க்ரூவுக்கு முறிவைத் தாங்கும் திறன் வேண்டுமென்றால் பாலிமரின் மூலக்கூறுச் சங்கிலியையே மாற்றுவது நல்லது. லாக்டைடோடு கேப்ரோலாக்டோனையோ டிரைமெத்திலீன் கார்பனேட்டையோ கொஞ்சம் சேர்த்து ஒரே சங்கிலியில் கோத்து, கோபாலிமர் ஆக்கினால் இளக்கும் பகுதி சங்கிலியோடு கட்டுண்டிருக்கும், கசியாது. பிசிஎல்லை, அதாவது கேப்ரோலாக்டோனின் பாலிமரைத் தனியாக உருக்கிப் பிஎல்எல்ஏவோடு கலப்பது சுலபம்தான், ஆனால் இரண்டும் ஒன்றோடொன்று கலக்காதவை. துளித்துளியாகப் பிரிந்து நிற்கும். துளி சிறிதாக இருக்கும்வரை நன்மை, பெரிதானால் அதுவே விரிசலின் தொடக்கம். பின்லாந்தின் தம்பேரேவில் பெர்ட்டி டோர்மெலா எடுத்த வழி இன்னும் நேர்த்தி: அதே பாலிமரை இழைபோல நீட்டி ஒழுங்குபடுத்தி அதே பாலிமருக்குள் வைத்தார். தன்னைத்தானே வலுப்படுத்தும் கலவை என்று பெயர். வெளியாள் யாரும் உள்ளே வருவதில்லை. கடைசியில் எல்லாம் ஒரே லாக்டிக் அமிலம்.

இனி ஹைட்ராக்ஸிஅபடைட், பீட்டா ட்ரைகால்சியம் பாஸ்பேட் இரண்டும். இவற்றைப் பற்றி உறுதியாகச் சொல்லக்கூடியவை: எலும்பு இவற்றின்மேல் ஒட்டி வளரும், எக்ஸ்ரேயில் ஸ்க்ரூ ஓரளவு தெரியும், விறைப்பு கூடும், வெளியே வரும் கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் உடம்புக்குக் கையாளத் தெரியும். ட்ரைகால்சியம் பாஸ்பேட் சீக்கிரம் கரையும், ஹைட்ராக்ஸிஅபடைட் வெகுகாலம் கிடக்கும். முழங்கால் தசைநார் அறுவைக்கான ஸ்க்ரூக்களில் 30 சதவீதம் ட்ரைகால்சியம் பாஸ்பேட் கலந்தவை சந்தையில் இருக்கின்றன. ஆனால் விறைப்பும் வலிமையும் ஒன்றல்ல. பிஎல்எல்ஏவின் விறைப்பு சுமார் 3 ஜிகாபாஸ்கல், உங்கள் எலும்பின் வெளி ஓடு 10 முதல் 20. பொடி சேர்க்கச் சேர்க்க விறைப்பு அந்தப் பக்கம் நகரும். நீளும் தன்மை அதைவிட வேகமாகக் குறையும். கஞ்சியில் மாவு கட்டிதட்டுவது போல நானோ பொடி கட்டிதட்டும். உடைந்த முகத்தை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால், விரிசல் தொடங்கிய இடத்தில் பெரும்பாலும் ஒரு வெள்ளைக் கட்டி உட்கார்ந்திருக்கும். 1999இல் ஜப்பானில் ஷிகினாமியும் ஒகுனோவும் இதே ஹைட்ராக்ஸிஅபடைட்-பிஎல்எல்ஏ கலவையில் 270 மெகாபாஸ்கல் வளைவு வலிமையும் 12 ஜிகாபாஸ்கல் விறைப்பும் காட்டினார்கள். எலும்புக்கு நிகரான எண்கள். அதை மேற்கோள் காட்டும் பலர் விட்டுவிடும் ஒரு விஷயம், அவர்கள் அந்தக் கலவையை உருகுநிலைக்குக் கீழே அழுத்தி, இரும்பை அடித்து வடிப்பது போல, சங்கிலிகளை ஒழுங்குபடுத்திய பிறகு கடைந்தெடுத்தார்கள். அந்த வலிமையில் பெரும்பங்கு அந்த அழுத்தத்துக்குச் சேர வேண்டியது. சாதாரண இன்ஜெக்‌ஷன் மோல்டிங்கில் அதே கலவையைப் போட்டு அதே எண்ணை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான்.

அமிலத்துக்கு வருவோம். இங்கே கணக்குப் போட்டால் நிறையத் தெளியும். ஒரு கிராம் பிஎல்எல்ஏ முழுவதும் சிதைந்தால் சுமார் 14 மில்லிமோல் லாக்டிக் அமிலம் வரும். ஓய்வில் இருக்கும் ஒரு பெரியவரின் உடம்பே ஒரு நாளில் ஆயிரத்துச் சொச்சம் மில்லிமோல் லாக்டேட் உண்டாக்கிக் கரைக்கிறது. மொத்த உடம்புக்கு இந்த ஸ்க்ரூ ஒரு பொருட்டே அல்ல. பிரச்சினை இடம் சார்ந்தது, நேரம் சார்ந்தது. பருமனான துண்டில் மேற்பரப்பில் உண்டாகும் அமிலம் வெளியே போய்விடும். நடுவில் உண்டாவது அடைபட்டு, அந்த அமிலமே மேலும் பிணைப்புகளை அறுக்கும். சுமிங் லியும் மிஷேல் வேரும் பிரான்சில் 1990இல் விளக்கியது இதைத்தான். நீங்களே பார்க்கலாம்: லாக்டைடு-கிளைகோலைடு கோபாலிமர் துண்டு ஒன்றை 37 டிகிரி பஃபரில், அதாவது அமிலத்தன்மையை நிலையாக வைக்கும் கரைசலில் சில வாரம் வைத்துக் குறுக்கே வெட்டுங்கள். வெளியே ஓடு உறுதியாக இருக்கும், உள்ளே கூழ். ஓடு உடையும் நாளில் அந்தக் கூழும் அமிலமும் ஒரேயடியாகக் கொட்டும். திசுவைத் துன்புறுத்துவது அந்தக் கொட்டல்.

இதற்கு எதிராகக் காரத்தன்மை உள்ள உப்பைச் சேர்ப்பது நல்ல யோசனைதான். அகர்வாலும் அதனாசியூவும் 1997இல் கால்சியம் கார்பனேட், ஹைட்ராக்ஸிஅபடைட், சோடியம் பைகார்பனேட் மூன்றையும் ஒப்பிட்டார்கள். எதுவும் சேர்க்காத மாதிரியில் பிஹெச் 3 அருகே போனது. கால்சியம் கார்பனேட் இருந்ததில் 6க்குக் கீழே இறங்கவில்லை. ஆனால் 5 சதவீதம் சேர்த்து அமிலத்தை முழுக்க நடுநிலையாக்கிவிட்டோம் என்று எழுதும் கட்டுரைகளை நம்பாதீர்கள். ஒரு கிராம் பாலிமரின் அமிலத்தை முழுவதும் அடக்க 0.7 கிராம் கால்சியம் கார்பனேட் வேண்டும். சிறிய அளவு செய்யக்கூடியது, உள்ளே ஏறும் உச்சத்தைத் தணிப்பது மட்டுமே. அதுவே போதுமானதாகவும் இருக்கலாம். அப்புறம், உப்பு தண்ணீரை உள்ளே இழுக்கும் என்பதால் ஸ்க்ரூ வலிமையை முன்னதாக இழக்கவும் செய்யும். உங்கள் சோதனையில் பஃபரை நிறைய ஊற்றி வாரம் ஒருமுறை மாற்றினால் எந்தக் கலவையும் நல்ல பிஹெச் காட்டும். அது பஃபரின் திறமை. எலும்புக்குள் அவ்வளவு தண்ணீர் ஓடுவதில்லை.

மெக்னீசியத் துகளைக் கேட்டிருந்தீர்கள். எடைக்கு எடை அது கால்சியம் கார்பனேட்டை விடப் பல மடங்கு அமிலத்தை அடக்கும். ஆனால் ஒரு கிராம் மெக்னீசியம் கரைந்தால் சுமார் ஒரு லிட்டர் ஹைட்ரஜன் வாயு வரும். வேகத்தைக் கட்டுப்படுத்த முடியாவிட்டால் குமிழி எங்கே சேரும் என்று யோசியுங்கள். மெக்னீசியம் ஹைட்ராக்சைடில் வாயு இல்லை, ஆகவே மெக்னீசியத்தை முயல்வதானால் தொடங்க அதுவே சிறந்தது. பயோகிளாஸ் என்ற கண்ணாடித் துகள் எலும்போடு பிணைவதில் நிகரற்றது, லாரி ஹென்ச் 1969இல் கண்டது முதல் நிரூபணமானது. ஆனால் அதன் காரமான மேற்பரப்பு உருகிய நிலையிலேயே பிஎல்எல்ஏ சங்கிலியை அறுக்கிறது. எக்ஸ்ட்ரூடரில் கலப்பதாக இருந்தால் துகளின் மேற்பரப்பை முதலில் மூடிப் பதப்படுத்த வேண்டும்.

கரையும் வேகம் சேர்மானத்தின் கையில் அதிகம் இல்லை. நெதர்லாந்தின் க்ரோனிங்கனில் கன்ன எலும்பு முறிவுக்குப் பிஎல்எல்ஏ தகடு வைத்தவர்களுக்கு மூன்று வருடம் கழித்து வீக்கம் வந்தது. ஐந்து வருடம் தாண்டியும் நுண்படிகத் துகள்கள் திசுவில் கிடந்ததை பெர்க்ஸ்மா குழுவினர் 1990களில் பதிவு செய்தார்கள். தண்ணீர் புகாத படிகப் பகுதிதான் அப்படி மிஞ்சுகிறது. படிகத்தைக் கூட்டும் நியூக்ளியேட்டிங் ஏஜெண்ட் எதைச் சேர்த்தாலும் மோல்டிங் வேகமாகும், விறைப்பு கூடும், கடைசியில் மிஞ்சும் இந்தத் துகளும் கூடும். சீக்கிரம் கரைய வேண்டுமென்றால் எல் வகையின் கண்ணாடிப் பிம்பமான டி-லாக்டைடோ கிளைகோலைடோ கலந்த கோபாலிமரை வாங்குங்கள்.

கிராஃபீன், கார்பன் நானோகுழாய் பற்றி: ஒரு சதவீதத்துக்கும் குறைவாகச் சேர்த்தே வலிமை கூடுவது உண்மை. ஆனால் என் மூன்றாவது கேள்விக்கு, வந்தபின் எங்கே போகிறது என்பதற்கு, எலும்பு இம்ப்ளாண்டில் திருப்தியான பதில் இன்னும் இல்லை. பாலிமர் கரைந்தபின் கரையாத ஒன்றை விட்டுச்செல்வதானால் கரையும் ஸ்க்ரூ எதற்கு? கிருமிநாசினிச் சேர்மானங்களும் சந்தேகத்துக்குரிய பட்டியலில்தான். டிரைகுளோசன் பூசிய தையல் நூலை 2016இல் உலக சுகாதார நிறுவனம் நிபந்தனையோடு பரிந்துரைத்தது. இந்தியா உட்பட ஏழு நாடுகளில் 5,788 பேரிடம் நடந்து 2021இல் வெளியான ஃபால்கன் சோதனையில் அதனால் காயத் தொற்று குறிப்பிடும்படி குறையவில்லை. இத்தனை வருடம் புழங்கிய ஒரு சேர்மானத்தின் நிலையே இதுதான்.

கடைசியாக ஸ்டெரிலைசேஷன். வழக்கமான 25 கிலோகிரே காமா கதிர் சங்கிலிகளை அறுக்கும். எத்திலீன் ஆக்சைடு ஈரத்தையும் சூட்டையும் கொண்டுவரும். பொடி கலந்த ஸ்க்ரூவும் கலக்காததும் இதற்கு வேறு வேறு விதமாக நடந்துகொள்ளும். ஆகவே எல்லா அளவீட்டையும் ஸ்டெரிலைஸ் செய்த மாதிரியில் எடுங்கள். நம் நாட்டில் 2017 மருத்துவச் சாதன விதிகளின்படி உடம்பில் உறிஞ்சப்படும் இம்ப்ளாண்டுகள் மிக அதிக அபாயமுள்ள டி வகுப்பில் வருகின்றன. சேர்மானத்தை மாற்றினால், பொருள் உடம்போடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் ஐஎஸ்ஓ 10993 சோதனைகளில் பலவற்றைப் புதிதாகச் செய்ய நேரும். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரை மருத்துவ ஆய்வு நிறுவனத்தில் அந்தச் சோதனைகளைச் செய்து தருகிறார்கள். செலவும் நேரமும் பிடிக்கும், முன்னதாகவே பேசிவையுங்கள்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் இப்படிச் செய்வேன். முதல் மாதம் எதுவும் கலக்காமல், பாலிமரை நன்றாக உலர்த்தி, மோல்டிங்குக்கு முன்னும் பின்னும் விஸ்காசிட்டி எடுப்பேன். இழப்பு பத்து சதவீதத்துக்குள் வரும்வரை வேறு எதையும் தொடமாட்டேன். அப்புறம் பிஎல்எல்ஏவுக்குப் பதில் டிஎல்-லாக்டைடு கலந்த கோபாலிமர். அதில் மைக்ரான் அளவு பீட்டா ட்ரைகால்சியம் பாஸ்பேட்டை இரவு முழுக்க 120 டிகிரியில் உலர்த்தி 10, 20, 30 சதவீதமாக மூன்று கலவை. பஃபரைக் குறைவாக ஊற்றி, 4, 8, 12, 26 வாரங்களில் ஒவ்வொரு ஸ்க்ரூவையும் ஈரத்தோடேயே, 37 டிகிரியில் வைத்து முறுக்கிப் பார்த்து, பிறகு குறுக்கே வெட்டிப் படம் எடுப்பேன். உங்களிடம் முதல் மாத விஸ்காசிட்டி எண்கள் இருந்தால் இங்கேயே எழுதுங்கள். எந்தக் கரைப்பானில், எந்த வெப்பநிலையில் எடுத்தது என்பதையும் சேர்த்து எழுதினால் மேற்கொண்டு பேசலாம்.